மூன்று தவணையில் ஓர் அமரர்

ஒன்பதாவது முறை அடித்தபோதுதான் வீட்டு நம்பரில் போனை எடுத்தார்கள்.

"பரத்வாஜ் சார் இருக்காரா?"

"அவர் தவறிப்போய் ரெண்டு மாசமாறது."

நஸ்ருன்னிசா அசரவில்லை. அசோக் நகரில், மளிகைக்கு மூன்று தவணையில் கடன் கொடுக்கும் 'அப்புறம் பே' கம்பெனியில் அவளுக்கு வசூல் வேலை. தவணை தேதி வந்தால் போதும், சென்னையில் ஆண்கள் கொத்துக் கொத்தாகச் செத்துப்போவார்கள்.

"நீங்க..?"

"அவர் ஒய்ஃப் தாரணி. அபிராமபுரம். கடல்ல குளிக்கப் போனார். நாலு நாள் கழிச்சு பாடி கெடச்சது. மோதிரத்தை வச்சு நான்தான் அடையாளம் காட்டினேன்."

"சாரி மேடம். ஆனா... பதினஞ்சு நாள் முன்னாடி சார் மளிகை வாங்கியிருக்கார்."

"யாராவது அவர் போனைத் திருடியிருப்பா."

"கேமராவைப் பார்த்து ரெண்டு தடவை கண் சிமிட்டினாத்தான் எங்க ஆப்ல கடன் பாஸாகும். சிமிட்டியிருக்கார். படம் என் முன்னாடிதான் இருக்கு."

அலறல் வரும் என்று நஸ்ருன்னிசா காத்திருந்தாள். வந்தது ஒரு கேள்வி.

"என்னென்ன வாங்கினார்?"

செத்த கணவன் உயிரோடிருக்கிறான் என்று கேட்டவள் கேட்கிற கேள்வியா இது..? ஆனாலும் படித்தாள்.

"பொன்னி அரிசி அஞ்சு கிலோ, துவரம்பருப்பு, காபித்தூள், குழந்தைக்கு டயப்பர்..."

"டயப்பரா?"

"ரெண்டு பாக்கெட்."

"எந்த அட்ரஸ்?"

"அதைச் சொல்லக் கூடாது மேடம்."

"என்கிட்ட வேண்டாம். போலீஸ்ல சொல்லுங்கோ. நான் கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போறேன்."

மறுநாள் காலை, ஸ்டேஷன். அட்ரஸ் கொடுத்த நஸ்ருன்னிசாவையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

கொட்டிவாக்கம் ஃப்ளாட்டிலிருந்து அள்ளி வரப்பட்ட அமரர் பரத்வாஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லேசான தொப்பை. மரணம் அவருக்கு ஒத்துக்கொண்டிருந்தது.

"சார், நான்தான் பரத்வாஜ். இவ என் பொண்டாட்டி."

"இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை," என்றாள் தாரணி. "செத்தவர் ஜாடையில இருக்கான். அவர் பேர்ல கடன் வாங்கறான்."

இன்ஸ்பெக்டர் மாணிக்கவாசகம் மேஜைமேல் சாய்ந்தார்.

"இன்னா நைனா, ரெண்டுல ஒண்ணு சொல்லு. நீ வேற ஆளுன்னா மளிகைக் கடன் மோசடி. சின்ன கேஸு. நீதான் பரத்வாஜ்னா, உன் பேர்ல எரிச்ச பாடி யாரு? உன் மோதிரம் அவன் கைக்கு எப்படிப் போச்சு? அது கொலை கேஸு."

அவர் போனை எடுக்கத் திரும்பிய நேரத்தில், பரத்வாஜ் மனைவி பக்கம் குனிந்தார். அடுத்து உட்கார்ந்திருந்த நஸ்ருன்னிசாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னடி இது? எவன் பாடியையோ நான்னு காட்டிட்டு, இன்சூரன்ஸ் பணம் வந்ததும் ரெண்டு பேரும் எங்கயாவது போயிடலாம்னுதானே பேசிண்டோம்?"

"டயப்பர் யாருக்கு?"

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். "இன்னா முடிவு பண்ணே?"

"சார்... நான் பரத்வாஜ் இல்லை."

காதில் விழுந்ததைச் சொல்ல நஸ்ருன்னிசா வாயெடுத்தாள். அதற்குள் தாரணியின் கைப்பை திறந்தது.

"மொத்தம் எவ்வளவும்மா?"

"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது..."

மாத டார்கெட்டுக்கு நஸ்ருன்னிசாவுக்கு இன்னும் ஒரே ஒரு வசூல்தான் பாக்கி. வாய் தானாக மூடிக்கொண்டது.

கான்ஸ்டபிள் இழுத்துப்போகும் ஆளைப் பார்த்தபடியே தாரணி நோட்டுகளை நீட்டினாள்.

"மூணு தவணையும் சேர்த்தே எடுத்துக்கோ. நல்ல மனுஷர்... கடனில்லாம போய்ச் சேரட்டும்."