பார்வைச் சான்று

வெள்ளப் பகிர்வு மசோதாவைத் திறந்ததும் சட்டக்கண் முதலில் யுவஸ்ரீயின் வீட்டைத்தான் காட்டியது. கோமளா நகர் மூன்றாம் தெரு, தரைத்தளம். இன்றைய நிலையில் பெருமழை வந்தால் கூடத்தில் முழங்காலளவு தண்ணீர். மசோதா நிறைவேறினால் ஒரு சொட்டுகூட உள்ளே வராது. திரையில் அவள் வீடு பச்சையாக நின்றது.

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அந்த வீட்டில் இரண்டு முறை வெள்ளம் புகுந்திருக்கிறது. முன்னறையில் அவள் நடத்திவந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் குளிர்பெட்டிகள் இரண்டு முறையும் மிதந்தன. நனைந்த மெத்தையைத் தெருவுக்கு இழுத்துப் போடும்போது வரும் நாற்றத்தை அவள் மூக்கு இன்னும் மறக்கவில்லை.

நாடாளுமன்றத்தில் எந்த மசோதா வைக்கப்பட்டாலும் சட்டக்கண் அதை உடனே படித்துவிடும். பிரிவுகள், அட்டவணைகள், பழைய சட்டங்களில் அது மாற்றும் சொற்கள் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு, 'இது உன் வாழ்க்கையில் என்ன செய்யும்' என்று ஒவ்வொரு குடிமகனுக்கும் அவனுடைய மொழியிலேயே சொல்லும். அதற்கு 'உங்கள் பங்கு' என்று பெயர். அதைப் பார்த்து ஆதரவோ எதிர்ப்போ பதியலாம். நிலைக்குழு அந்தப் பதிவுகளைக் கணக்கில் எடுக்காமல் மசோதாவை மேலே அனுப்ப முடியாது.

ஆனால் வாரம் ஏழெட்டு மசோதாக்கள் வந்தால் யாரால் உட்கார்ந்து பார்க்க முடியும்? அதற்காகத்தான் பொறுப்பு வாசகர் என்ற ஏற்பாடு. நம்பிக்கையான ஒருவரிடம் வாசிப்பை ஒப்படைத்துவிட்டால், அவர் நம் பங்கையும் பார்த்து நமக்காகப் பதிவுசெய்வார். கோமளா நகரிலும் அக்கம்பக்கத்திலும் ஐம்பது பேருக்கு மேல் யுவஸ்ரீயிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவள் அதற்குத் தகுதியானவள்தான். ஒரு மருந்துச் சட்டத்தில் ஒளிந்திருந்த உட்பிரிவைக் கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து குடியிருப்போர் சங்கத்தில் அவள் பேச்சுக்குத் தனி மரியாதை.

அந்த ஐம்பது பேரின் பக்கங்களை அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். பச்சை, பச்சை, பச்சை. கடைசியில் ஒன்று மட்டும் சிவப்பாக வந்தது.

லிடியா. கல்லூரியில் இருந்தே தோழி. ஓடைக்கு அந்தப் பக்கம், தாங்கல் தெருவில் இருப்பவள். கீழே சிறிய பேக்கரி, பின்கட்டில் அவளும் படுக்கையில் கிடக்கும் அப்பாவும். "நீ படிச்சா நான் படிச்ச மாதிரி" என்று சொல்லி முதன்முதலில் வாசிப்பை ஒப்படைத்தவள் அவள்தான்.

மசோதாவின்படி ஒவ்வொரு நகரிலும் சில தாழ்ந்த இடங்கள் ஏற்புநிலங்கள் ஆகும். பெருமழையில் தானியங்கி மதகுகள் திறந்து, வெள்ளத்தை அங்கே திருப்பிவிடும். இடங்களின் பெயர் மசோதாவில் எங்கேயும் இல்லை. அட்டவணையில் இருந்ததெல்லாம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற எண்கள் மட்டும். சட்டக்கண்தான் கணக்குப் போட்டுச் சொன்னது: தாங்கல் தெரு ஏற்புநிலம். லிடியாவின் வீட்டில் நெஞ்சளவு தண்ணீர் நிற்கும். கட்டிலின் மட்டத்துக்கு மேல்.

யுவஸ்ரீ பக்கத்தை மூடினாள். மறுபடி திறந்தாள். கீழே இன்னொரு கணக்கும் இருந்தது. மசோதா வந்தால் நகரம் முழுவதிலும் சேதம் பாதிக்கும் கீழே குறையும். அதை அவள் இரண்டு முறை படித்தாள். அது பொய்யில்லை என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்று மாலை லிடியாவிடம் சொல்லிவிடுவதென்று கிளம்பிப் போனாள். லிடியா அடுப்பிலிருந்து பன் தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தாள். சூடாக ஒன்றைப் பிய்த்து வெண்ணெய் தடவிக் கையில் கொடுத்தாள். உள்ளேயிருந்து அவள் அப்பா சாமுவேல், யுவா வந்திருக்காளா என்று குரல் கொடுத்தார். போய்ப் பார்த்தாள். கட்டிலருகே உட்கார்ந்து, அவருடைய சர்க்கரை அளவைப் பற்றிப் பேசினாள். விடைபெறும்போது லிடியாவே கேட்டாள்.

"அந்த வெள்ள மசோதான்னு ஏதோ வந்திருக்காமே. நல்லதா?"

"மொத்த ஊருக்கும் நல்லதுதான்" என்றாள் யுவஸ்ரீ.

வீட்டுக்கு வந்து சட்டக்கண்ணை மூன்றாவது முறை திறந்தாள். எல்லாப் பெயர்களுக்கும் சேர்த்து ஆதரவு என்று அழுத்தினாள். சிவப்புப் பக்கம் இருந்ததால் அது ஒரு கேள்வி கேட்டது: 'உரியவருக்குத் தெரிவித்துவிட்டீர்களா?' ஆம் என்று அழுத்தினாள். லிடியாவின் ஒரு எதிர்ப்பால் மசோதா நிற்கப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் பொய்யில்லை.

மசோதா சட்டமாயிற்று. மதகுகள் கட்டப்பட்டன. தாங்கல் தெருவில் சிலர் விஷயம் தெரிந்து மறியல் செய்தார்கள். வரைபடம் இன்னும் இறுதியாகவில்லை என்ற பதிலோடு அது முடிந்தது. யுவா நல்லதென்றுதானே சொன்னாள் என்று லிடியா அவர்கள் பேச்சை நம்பவில்லை. அடுத்த வருடம் மழை குறைவு. அதற்கடுத்த கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டது.

மதகுகள் மிகச் சரியாக வேலை செய்தன. கோமளா நகரில் வாசலில் போட்ட கோலம்கூட அழியவில்லை என்று சங்கத்தின் குழுவில் யாரோ படம் போட்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் படகு விட்டார்கள். சாமுவேலை நாலு பேர் கட்டிலோடு தூக்கி மாடிப்படியில் வைத்திருந்து, தண்ணீர் ஏற ஏற ஒவ்வொரு படியாக மேலே நகர்த்தியிருக்கிறார்கள். படகில் வந்து இறங்கிய லிடியாவின் தலைமுடியில் மைதாமாவு பசையாக ஒட்டியிருந்தது. அடுப்பு, மாவு பிசையும் இயந்திரம், குளிர்பெட்டி எல்லாம் போய்விட்டன.

யுவஸ்ரீ அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். காய்ந்த தரையில், காய்ந்த மெத்தையில் சாமுவேலைப் படுக்க வைத்தாள். வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். லிடியா குளித்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லேன்னா எங்க போயிருப்போம் யுவா என்று அழுதாள். இப்படித் தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள் என்று ஒருத்தராவது முன்கூட்டி உறுதியாகச் சொன்னார்களா என்று கேட்டாள். யுவஸ்ரீ, சாப்பிட வா, ஆறிடும் என்றாள்.

தாங்கல் தெரு வீட்டில் சேறு எடுக்கவும் சுவர் காயவும் நாளாயிற்று. அப்பாவும் மகளும் யுவஸ்ரீயின் வீட்டிலேயே தங்கினார்கள். காலையில் லிடியா எழுந்து எல்லாருக்கும் காப்பி போடுவாள். அந்த டம்ளரை வாங்கும்போதெல்லாம் யுவஸ்ரீக்கு, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். காப்பி தீரும்போது அந்த எண்ணமும் தீர்ந்துவிடும்.

அந்தத் தை மாதம் பார்வைச் சான்றுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்காக மூன்று வருடம் போராடியவர்களில் யுவஸ்ரீயும் ஒருத்தி. நாடாளுமன்ற உறுப்பினர்கள் மசோதாவைப் படிக்காமலே கை தூக்குகிறார்கள். யார் எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று சட்டக்கண்ணுக்குத் தெரியும், அதை ஊருக்குக் காட்டுங்கள் என்று நிலைக்குழுவுக்கு அவளே மனு எழுதியிருந்தாள். பழைய மசோதாக்களுக்கும் சேர்த்துக் காட்ட வேண்டும், யாரும் தப்பக்கூடாது என்பதும் அவள் எழுதியதுதான். அந்தச் சான்று மசோதா வந்தபோது 'மக்கள் பிரதிநிதிகள்' என்ற சொல்லைக் கண்ட மகிழ்ச்சியில் ஆதரவு அழுத்திவிட்டாள். தன் பங்குப் பக்கத்தைத் திறக்கவேயில்லை. தனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் பிரிவில், சொற்பொருள் விளக்கத்தில் எழுதியிருந்தது: மக்கள் பிரதிநிதி என்பது, பிறர் சார்பில் ஒப்புதல் பதியும் எவரையும் உள்ளடக்கும்.

சங்கக் கூடத்தில் அன்று கூட்டமாக உட்கார்ந்து நாடாளுமன்ற உறுப்பினர்களின் சான்றுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தொகுதி உறுப்பினர் வெள்ள மசோதாவில் தலைப்பை மட்டும் பார்த்திருந்தார். யுவஸ்ரீயும் சிரித்தாள். சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தபோது, லிடியா சமையலறையில் வெங்காயம் நறுக்கும் பலகையை ஒதுக்கிவிட்டுக் கைபேசியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கும் ஒரு அறிவிப்பு வந்திருந்தது: அவளுடைய பொறுப்பு வாசகரின் பார்வைச் சான்று.

"மூணு தரம் பாத்திருக்க" என்றாள் லிடியா.

புரிந்துகொள்ள யுவஸ்ரீக்கு ஒரு கணம்தான் தேவைப்பட்டது. "ஆமா."

"கட்டில் மட்டத்துக்கு மேலன்னு அதுல போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சு."

"எனக்குச் சொல்லியாச்சுன்னு பதிஞ்சிருக்க. அன்னிக்குச் சாயங்காலம் நீ வந்த. பன் சாப்ட்ட. எங்கப்பா பக்கத்துல உக்காந்துருந்த."

நகரத்தின் மொத்தச் சேதம் குறைந்த கணக்கு யுவஸ்ரீயின் நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, அதை அவள் சொல்லவில்லை. லிடியா மீதி வெங்காயத்தையும் நறுக்கி முடித்தாள், கையைக் கழுவினாள், துணிமணிகளை எடுத்து வைத்தாள். மதியத்துக்குள் ஒரு வண்டி வந்தது. சாமுவேல் ஒன்றும் தெரியாமல், வரேம்மா யுவா, உனக்குக் கர்த்தர் நல்லது செய்வார் என்று சொல்லிவிட்டுப் போனார். யுவஸ்ரீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் அவள் தண்டனைக்காகக் காத்திருந்தாள். ஐம்பது பேரும் வாசிப்பைத் திரும்பப் பெறுவார்கள், சங்கத்தில் கேள்வி கேட்பார்கள், தெருவில் முகம் திருப்பிக்கொள்வார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் திரும்பப் பெறவில்லை. புதிதாக நாலு பேர் சேர்ந்தார்கள். சங்கத் தலைவர் ஹரிஷ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மனசுல வெச்சுக்காதீங்க மேடம், நம்ம தெருவை நீங்கதான காப்பாத்துனீங்க என்றார். அவர் உண்மையான நன்றியோடுதான் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து, முன்னறையில் விளக்கைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

நாடு முழுவதும் சில மாதங்கள் அமளியாக இருந்தது. அண்ணன் பார்த்தது தம்பிக்குத் தெரிந்தது, உறுப்பினர் பார்த்தது தொகுதிக்குத் தெரிந்தது. பிறகு சந்தையில் மூடுவாசகன் என்றொரு கருவி வந்தது. நம் விருப்பம் என்னவென்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். அதுவே மசோதாவைப் படித்து, நமக்கு எதையும் காட்டாமல் ஆதரவையும் எதிர்ப்பையும் பதிந்துவிடும். நாம் எந்தப் பக்கத்தையும் திறக்காததால், பார்வைச் சான்றில் நம் பெயர் வெள்ளைவெளேரென்று இருக்கும். முதலில் உறுப்பினர்கள் வாங்கினார்கள். அப்புறம் எல்லாரும். படிக்காதவர்களை வெட்கப்படுத்தக் கொண்டுவந்த சட்டத்தால், படிப்பதுதான் ஆபத்தான காரியம் ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில் வெள்ளப் பகிர்வுத் திருத்த மசோதா வந்தது. இந்த முறை யுவஸ்ரீ வீடு வீடாகப் போனாள். எல்லாருடைய பங்கையும் பார்க்கப் போகிறேன், பார்த்ததை உங்களிடம் வந்து சொல்வேன், யார்மேல் விழுகிறது என்பதையும் சொல்வேன் என்றாள். உட்காரச் சொன்னவர்கள் அதைக் கேட்டதும் எழுந்துகொண்டார்கள்.

ஹரிஷ் மட்டும் கொஞ்சம் பேசினார். "மேடம், நீங்க வந்து சொன்னீங்கன்னா எனக்குத் தெரிவிச்சாச்சுன்னு பதிவாகும். நாளைக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஆச்சுன்னா, தெரிஞ்சுதான் செஞ்சேன்னு வரும். எனக்கு எதுக்கு அது? ஒரு மூடுவாசகன் வாங்கிக்கோங்களேன். சங்கமே செலவு பண்ணும்."

"பாக்காம எப்படி சார் முடிவு பண்றது?"

"அதான் அது பண்ணுமே" என்றார் அவர் பொறுமையாக.

அவள் மாட்டேன் என்றாள். அந்த வாரமே பெயர்கள் ஒவ்வொன்றாக அவள் திரையிலிருந்து கழன்றன. தோழிக்குத் துரோகம் செய்தபோது விலகாதவர்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றதும் விலகிப் போனார்கள். வாரக் கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது: லிடியா. யுவஸ்ரீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுக்க மறந்திருப்பாள் என்றுதான் நினைத்தாள்.

நேரில் போய்ச் சொல்லிவிடுவதுதான் முறை. லிடியா வீட்டை விட்டுப் போனபின் முதல் தடவையாக ஓடையைத் தாண்டினாள். பேக்கரி மறுபடி நடந்துகொண்டிருந்தது. சுவரில் நெஞ்சுயரத்தில் தண்ணீர் நின்ற கோடு, புதுச் சுண்ணாம்புக்கு அடியிலும் தெரிந்தது. உள்ளே கட்டில் இருந்த இடத்தில் மாவு மூட்டைகள் அடுக்கியிருந்தன. சாமுவேலை மாடிக்கு மாற்றிவிட்டார்கள் போலிருந்தது. யுவஸ்ரீ கேட்கவில்லை.

லிடியா அவளைப் பார்த்தாள். பிறகு தட்டில் பன் உருண்டைகளை அடுக்குவதைத் தொடர்ந்தாள்.

"உன் வாசிப்பு இன்னும் என்கிட்டயே இருக்கு" என்றாள் யுவஸ்ரீ. "நீ மறந்திருப்ப. எடுத்துடு லிடி. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"மறக்கல."

லிடியா தட்டை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"எடுத்து யார்கிட்ட குடுக்கறது? இந்தத் தெருவுல, உங்க நகர்ல, எல்லா இடத்துலயும் கேட்டுப் பாத்தேன். ஒருத்தரும் பாக்கறதே இல்லியாம். மிஷினே போட்டுடுதாம். நீ பாத்துட்டுத்தான் பண்ண. மூணு தரம்." மாவுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. எனக்குப் பாக்கறதுக்கு ஒரு ஆள் வேணும், அவ்ளோதான்."

கடைக்கு ஆள் வந்தது. ரெண்டு பாக்கெட் ரஸ்க் கேட்டார்கள். லிடியா எடுத்துக் கொடுக்கப் போனாள். யுவஸ்ரீ தலையை நிமிர்த்தாமல் அங்கேயே நின்று, கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து லிடியாவின் பக்கத்தைத் திறந்தாள்.