வெள்ளை ஞாயிற்றில் ஓர் உத்தரவு

அன்று காலை ஏழு மணிக்குக் குழந்தைகள் வார்டில் இருந்தவர்கள்: ஜன்னலோரக் கட்டிலில் பத்து வயது லாங்கி. கட்டிலுக்குக் கீழே, பாயில், அவள் அம்மா லோசா. அடுத்த கட்டிலில் ஆறு வயது தூயி. அவனுக்கு நெஞ்சில் சளி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கும் தூயியின் அத்தை. மேசையருகே நர்ஸ் வைலுவா. கூரையில் ஒரு பல்லி. அதற்கு மட்டும் ஒரு நோயும் இல்லை.

மற்ற மூன்று கட்டில்களும் காலி. அந்தப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமையே குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள். சரியான சமயம் பார்த்துக் குணமானவர்கள். ஏனென்றால் அன்று வெள்ளை ஞாயிறு.

வெள்ளை ஞாயிறு என்றால் அந்தத் தீவின் கிறிஸ்தவக் கோயில்களில் பிள்ளைகளின் நாள். எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். ஒவ்வொருவரும் முன்னால் வந்து மனப்பாடம் சொல்வார்கள். லாங்கிக்கு இந்த வருடம் கிடைத்திருந்தது கடவுள் ஏழு நாளில் உலகைப் படைத்த பாடம். இருப்பதிலேயே நீளமானது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து சொல்லிச் சொல்லி, அவள் வீட்டு நாய்க்குக்கூட அது பாதி தெரிந்திருக்கும்.

ஆனால் அவள் இருந்தது ஆஸ்பத்திரியில். பன்னிரண்டு நாளாக.

நடந்தது இதுதான். கடலோரப் பவளப்பாறையில் லாங்கியின் கால் கிழிந்தது. சின்னக் காயம். யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பத்து நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே வீங்கியது. அப்பா பெனியாமினா அவளைப் பக்கத்து ஊரில் எண்ணெய் போட்டு நீவிவிடும் பெரியவரிடம் கூட்டிப்போனார். சுளுக்குக்கு அந்தப் பெரியவரின் கை நல்ல கை. ஆனால் இது சுளுக்கு இல்லை. எலும்புக்குள் கிருமி புகுந்திருந்தது. மூன்று நாள் அந்தக் காலை அழுத்தி அழுத்தி நீவினார்கள். நான்காம் நாள் லாங்கி காய்ச்சலில் பிதற்றத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் காலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக மருந்து. மொத்தம் மூன்று வாரம். நடுவில் விட்டால் கிருமி மறுபடி எழுந்துவிடும் என்று டாக்டர் அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னபோது, லாங்கி கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பெரியவர்கள் அவள் தூங்குவதாக நினைத்தார்கள்.

ஏழேகாலுக்கு வெளியே பஸ் ஹாரன் கேட்டது. லாங்கிக்கு அந்த ஹாரனைத் தெரியும். ஊர் பஸ், ஓட்டுவது அவள் அப்பா.

பார்வையாளர் நேரம் மதியம்தான். அதுவரை வார்டுக் கதவு பூட்டியே இருக்கும். ஆனாலும் பண்டிகை நாள் என்பதால் வைலுவா கதவைத் திறந்துவிட்டார். பெனியாமினா வெள்ளைச் சட்டை, இடுப்பில் வேட்டிபோல் சுற்றிய வெள்ளை லாவாலாவா, கழுத்தில் டையோடு உள்ளே வந்தார். ஒரு கையில் பெரிய பாத்திரம். இன்னொரு கையில் உறை போட்ட புது வெள்ளை உடை.

"என்ன இன்னும் படுத்திருக்க? எழுந்திரு. பஸ் வெளிய நிக்குது," என்றார்.

முப்பது பேர் உட்காரும் பஸ். அதில் ஒரே ஒருத்தியை ஏற்றிப்போக ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறார்.

லாங்கியின் நல்ல கால் அவள் நினைப்பதற்கு முன்பே தரையைத் தொட்டுவிட்டது.

வைலுவா நடுவில் வந்து நின்றார். மதியம் ஒரு மருந்து, சாயங்காலம் ஒரு மருந்து இருக்கிறது, போகக் கூடாது என்றார். பெனியாமினா, அரை நாள்தான், கோயிலும் சாப்பாடும் முடிந்ததும் தானே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். டாக்டர் ஒப்பமாட்டார் என்றார் வைலுவா. அப்பா கையெழுத்துப் போட்டால் கூட்டிப்போகலாம் என்று ஒரு தாள் இருக்கிறதே, அதைக் கொடுங்கள் என்றார் பெனியாமினா. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் போன வருடம் அப்படித்தான் செய்தாராம்.

வைலுவா இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

லோசா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். லாங்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா பாயைப் பார்த்தாள்.

"சிஸ்டர், நான் போனா என்ன ஆகும்?" என்று லாங்கி கேட்டாள்.

வைலுவா பிள்ளைகளிடம் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. ஊசி குத்தினால் எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று அவர் இதுவரை ஒரு முறையும் சொன்னதில்லை.

"தெரியாது. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். மறுபடி சீழ் பிடிச்சு, காலையே எடுக்க வேண்டியும் வரலாம்," என்றார்.

"சின்னப் பிள்ளைகிட்டப் பேசற பேச்சா இது?" என்றார் பெனியாமினா.

"அவதானே கேட்டா. கால் அவளோடது."

அப்போது தூயி எழுந்து உட்கார்ந்தான். அவனுக்குக் காலைப் பற்றிக் கவலை இல்லை. பாத்திரத்தில் என்ன என்று கேட்டான். தேங்காய்ப்பாலும் அரிசியும் போட்ட கோக்கோக் கஞ்சி. வாசனை பல்லிவரை எட்டியிருந்தது.

வெள்ளை ஞாயிறு அன்று பிள்ளைகள்தான் முதலில் சாப்பிட வேண்டும். பெரியவர்கள் பரிமாற வேண்டும், பிள்ளைகள் சொன்னதைச் செய்ய வேண்டும். பிள்ளைகள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மற்ற நாள்களில் எல்லாம் தலைகீழ். அதனால் பெனியாமினா தாளை விட்டுவிட்டுக் கரண்டியை எடுத்தார். முதலில் தூயிக்கு, பிறகு லாங்கிக்கு ஊற்றினார்.

"இன்னும் ஊத்துங்க," என்றான் தூயி.

ஊற்றினார்.

"சூடா இருக்கு. விசிறுங்க."

பெனியாமினா அவனை ஒரு பார்வை பார்த்தார். ஊரில் அவர் ஹாரன் அடித்தால் பன்றிகள்கூட வழிவிடும். ஆனாலும் நாள் அப்படிப்பட்ட நாள். கைக்குக் கிடைத்த காய்ச்சல் குறிக்கும் அட்டையை எடுத்துக் கஞ்சிக்கு விசிறினார். தூங்கிக்கொண்டிருந்த அத்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, சிரிப்பு வந்ததால் மறுபடி மூடிக்கொண்டாள்.

லாங்கி சிரிக்கவில்லை. அவள் யோசித்தாள்.

போகத்தான் ஆசை. தொண்டைவரை ஆசை. புது உடையின் கழுத்தில் அம்மா பின்னிய லேஸ் உறை வழியாகவே தெரிந்தது. கோயிலில் அவள் பெயரைக் கூப்பிடுவார்கள். யாரும் எழுந்து வரமாட்டார்கள். ஏழு நாள் பாடம் இல்லாமலே மற்றதெல்லாம் நடக்கும்.

ஆனால் அப்பாவின் அரை நாள் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். கோயில் முடிந்தால் விருந்து. விருந்து முடிந்தால் தீவின் அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பா வருவார். அவர் வந்தால் யாரும் கிளம்ப முடியாது. நாளைக்குத் திங்கள், விடுமுறை. விடுமுறையில் அப்பா பஸ் எடுக்கமாட்டார். அரை நாள் என்று போனால் செவ்வாய்க்கிழமை வந்துவிடும். இரண்டு மருந்து இல்லை, எட்டு மருந்து தவறிவிடும்.

அப்பா கெட்டவர் இல்லை. நீவிவிடக் கூட்டிப்போனபோதும் அவர் நல்லது என்று நினைத்துத்தான் கூட்டிப்போனார். அன்றைக்கு அவள் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லவில்லை. அப்பாவை மறுத்துப் பேசிப் பழக்கம் இல்லாததால், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

லாங்கி காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னைக்கு நாங்க சொன்னா நீங்க கேக்கணும்தானே?"

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். இவன் என்னை விசிறவே வச்சுட்டான்."

"அப்ப நான் ஒண்ணு சொல்றேன். நான் வரல. மருந்து முடிஞ்சப்புறம் வரேன்."

அத்தை இரண்டு கண்ணையும் திறந்தாள். தூயியின் கரண்டிகூட நின்றது.

பெனியாமினாவின் கழுத்து சிவந்தது. ஊரே கேட்கும், போதகர் கேட்பார், நான் என்ன பதில் சொல்வேன், பஸ்ஸைச் சும்மாவா ஓட்டி வந்தேன் என்று வரிசையாகச் சொன்னார். லாங்கி எதற்கும் குரலை உயர்த்தவில்லை.

"கால் எனக்கு வேணும்பா," என்றாள்.

அவர் குனிந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பன்னிரண்டு நாளில் அவர் அதை நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை.

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த லோசா அதை மறுபடி விரித்தாள். விரித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு. என் பாடத்தை நீங்க சொல்லுங்க," என்றாள் லாங்கி.

"நானா? சின்னப் பிள்ளைங்க நடுவுல நின்னா?"

"என் பேரைக் கூப்பிடுவாங்க இல்ல, அப்ப எழுந்து போயி சொல்லுங்க. உத்தரவு."

தூயி இது நல்ல உத்தரவு என்றான்.

கோயில் பத்து மணிக்கு. எட்டுக்குள் கிளம்பியாக வேண்டும். பெனியாமினா கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். லாங்கி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். முதல் நாள் வெளிச்சம், இரண்டாம் நாள் வானம், மூன்றாம் நாள் நிலமும் மரங்களும். அதுவரை தடையில்லை. நான்காம் நாளுக்கு வந்ததும் அவர் மீனைக் கொண்டுவந்தார்.

"மீன் அஞ்சாம் நாளு. நாலாம் நாள் சூரியன், நிலா, நட்சத்திரம்," என்றாள் லாங்கி.

மறுபடி சொன்னார். மறுபடியும் மீன் முன்னால் வந்துவிட்டது. மூன்றாம் முறையும் அப்படியே. வைலுவா மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்பா, நீங்க மீன் பிடிக்கப் போறதுக்கு முன்னாடி எதைப் பாப்பீங்க?"

"நிலாவை. நிலாவைப் பாக்காம எவன் போவான்?"

"அப்ப முதல்ல நிலா. அப்புறம் மீன்."

பெனியாமினா ஒரு முறை தனக்குள் முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, சின்னப் பையன்கள் நிற்கிறாற்போலவே நின்று, முதல் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை ஒரு பிழையும் இல்லாமல் சொல்லி முடித்தார். அத்தை கைதட்டினாள். தான் தூங்குவதாக எல்லாரும் நம்பிக்கொண்டிருந்ததை அவள் மறந்துவிட்டாள்.

மேசைமேல் இருந்த தாளை வைலுவா எடுத்து இழுப்பறையில் போட்டார்.

பெனியாமினா வெள்ளை உடையை உறையிலிருந்து எடுத்து, லாங்கியின் போர்வைமேல் விரித்தார். லேஸ் வைத்த கழுத்தை அவள் கழுத்துக்கு நேராகச் சரிசெய்தார். பாத்திரத்தை விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார்.

வாசலில் காவல்காரர், பொண்ணை ஏத்திட்டுப் போக வந்தீங்களே, எங்கே என்று கேட்டார்.

"அவ வர மாட்டேன்னுட்டா," என்றார் பெனியாமினா. பஸ்ஸுக்குள் கத்துகிற அதே குரலில், வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "மருந்து முடிச்சுட்டுத்தான் வருவாளாம். எனக்கே உத்தரவு போட்டா. பத்து வயசு."

லாங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மருந்துக்கு இப்போதே கையை நீட்டி வைத்துக்கொண்டாள். அதற்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

நிலா, மீன், நிலா, மீன் என்று முணுமுணுத்தபடி அப்பா படியிறங்கிப் போனார். வைலுவா அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பிப் பூட்டினார்.