காரணம் என்ற கட்டம்

அந்த நோட்டில் ஒரு கட்டம் மட்டும் நிரம்பவே இல்லை.

நேரம், அழுகையா சிரிப்பா, எத்தனை நிமிடம், அதற்குச் சற்று முன்னால் நடந்தது என்ன. நிபுணர் ஸ்கேல் வைத்து அடித்துக் கொடுத்த நான்கு கட்டங்கள். ஏழு வயதாகியும் ஒரு சொல் பேசாத, ஆட்டிசம் உள்ள குட்டி திடீரென்று ஏன் சிரிக்கிறாள், ஏன் அழுகிறாள் என்பதை அதிலிருந்து பிடித்துவிடலாம் என்றார். சட்டைப்பையில் மூன்று நிறப் பேனாக்கள். பெயருக்குப் பின்னால் பட்டங்கள் சரக்கு ரயில் போல நீண்டன. கடைசிக் கட்டத்தில் அம்மா ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்ததைச் சிவப்பால் அடித்துக் ‘காரணமில்லை’ என்று திருத்தினார். காரணமில்லாத அழுகைக்கு வைத்தியமும் சொன்னார். யாரும் பக்கத்தில் போகக் கூடாது. நூறு வரை எண்ண வேண்டும். நிற்காவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து.

ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டே பழைய பக்கங்களைப் புரட்டியபோதுதான் அம்மாவின் கை நின்றது. திங்கட்கிழமை குட்டி இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். வியாழக்கிழமை அதே முழங்கை கதவில் இடித்து வீங்கியது. கூரையைப் பார்த்துச் சிரித்த மூன்றாம் நாள், அப்பா வாங்கி வந்த பலூன் கைநழுவிக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. காரணம் இருந்தது. முன்னால் இல்லை. மூன்று நாள் கழித்து, அதே நேரத்தில்.

கணவரிடம் சொன்னாள், ஒழுங்காகத் தூங்கு என்றார். நிபுணரிடம் சொன்னாள், அதற்குக் கட்டம் இல்லையே என்றார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு பத்துக்கு, மூடியிருந்த குளியலறைக் கதவின் முன் குட்டி உட்கார்ந்து, கதவடி இடுக்கில் விரல்களை நுழைத்துக்கொண்டு தேம்பினாள். அம்மா பின்னாலேயே நின்று கூப்பிட்டாள். குட்டி திரும்பவில்லை. கதவைப் பார்த்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு சொல் சொன்னாள்.

“அம்மா.”

ஏழு வருடம் காத்திருந்த சொல். கேட்டதும் அம்மா விரல்விட்டு எண்ணினாள். புதன், வியாழன், வெள்ளி.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு நிபுணர் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. கணவரும் லீவு போட்டிருந்ததால், வீட்டில் ஆள் இருக்கும் என்று அம்மாவுக்குச் சற்றுத் தெம்புகூட வந்தது. குளியலறைப் பக்கமே போவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். வந்த நிபுணர் குளியலறையில் கை கழுவிவிட்டு, குழாயை அரைகுறையாக மூடிவிட்டு, தன் கட்டுரையைப் பற்றிப் பேச உட்கார்ந்தார். சொட்டு. சொட்டு. குட்டிக்கு அந்தச் சத்தம் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு சுவரில் நெற்றியை முட்டினாள். அதையும் கவனிக்கக் கூடாதாம்.

“அந்தக் குழாயக் கொஞ்சம் மூடிட்டு வாங்களேன்,” என்றாள் கணவரிடம்.

“இரு, சார் பேசிட்டிருக்கார்ல.”

நெற்றி மறுபடி மோதியது. அம்மா போனாள். கதவு சாத்திக்கொள்ளாதபடி வாளியை முட்டுக் கொடுத்தாள். ஒரே எட்டு. குழாய் அடங்கியது. தரையில் சோப்பு நுரை.

கால் வழுக்கியது. வாளி உருண்டது. கதவு சாத்திக்கொண்டது. வெளியே கட்டுரைப் பேச்சு நிற்கவில்லை.

பின்மண்டையில் சூடு. கை அசையவில்லை. குரல் வரவில்லை. கன்னத்தடியில் ஈரம், இரும்பு வாசனை. கதவடியில் ஒரு கோடு வெளிச்சம். அதில் நான்கு சின்ன விரல்கள்.

தேம்பல்.

“அம்மா.”

“சார், பேசறா சார்!” கணவரின் நாற்காலி நகர்ந்தது. “அவ அம்மா உள்ள இருக்கான்னு கூப்பிடறா.”

“அதனாலதான் இப்பப் போகக் கூடாது. அழுதா ஆள் வரும்னு பழகிடும். எண்ணுங்க.”

கணவர் எண்ணினார். சொன்ன பேச்சு தட்டாதவர். அறுபது. எண்பது. நூறு.

பேனா மூடி திறக்கும் சத்தம்.

“காரணமில்லை,” என்று எழுதிக்கொண்டே வாசித்தார் நிபுணர். “நிக்கல பாருங்க. மறுபடி ஒண்ணுலேர்ந்து.”

ஒண்ணு. ரெண்டு.

கன்னத்தடியிலிருந்து கிளம்பிய ஈரம் மெல்ல நகர்ந்து அந்த வெளிச்சக் கோட்டைத் தொட்டது. ஒவ்வொன்றாக, நான்கு விரல்களும் சிவந்தன.