பதினான்கு குதிரைகளைக் காணோம்

காலை 9.10. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த முதல் நாள்.

மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பெனியின் எஞ்சின் சோதனை அறையிலிருந்து, "போச்சு! எல்லாம் போச்சு!" என்று ஓர் அலறல். அலறியவர் முதலாளி கோவிந்தப்பன். காணாமல் போனது தங்கமில்லை, லேப்டாப்பும் இல்லை. பதினான்கு குதிரைகள்!

பயப்படாதீர்கள், லாயம் எதுவும் அங்கே கிடையாது. பூஜைக்கு முன்னால் நூற்றுப் பன்னிரண்டு குதிரைத்திறன் காட்டிய கார் எஞ்சின், இன்று தொண்ணூற்றெட்டைத் தாண்ட மாட்டேன் என்று அடம் பிடித்தது. மதியம் இரண்டு மணிக்கு கார் கம்பெனி அதிகாரிகள் அதைப் பார்க்க வருகிறார்கள்.

எஞ்சின் என்னவோ சாதாரண எஞ்சின்தான். மகிமையெல்லாம் அதன் தலையில் உட்கார்ந்திருந்த காற்றுக்குழாய்த் தொகுப்பில் இருந்தது. நிதானமாக நடக்கிறவனுக்கும் தலைதெறிக்க ஓடுகிறவனுக்கும் ஒரே மூச்சு சரிப்படுமா? எஞ்சினுக்கும் அதே கதைதான். மெதுவாக ஓடும்போது காற்று நீளமான பாதையில் வந்தால் இழுவை நன்றாக இருக்கும். வேகம் கூடினால் சுற்றி வர நேரமில்லை, குறுக்குவழி வேண்டும். அந்தக் குறுக்குவழிக்கு ஒரு கதவு உண்டு. எஞ்சின் உறிஞ்சும் இழுப்பைச் சேர்த்துவைத்து, அதைக் கொண்டே கதவை மூடிப் பிடித்திருப்பார்கள். நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டியதும் ஒரு வால்வு 'டிக்' என்று வெளிக்காற்றை உள்ளே விடும். இழுப்பு விட்டுப்போகும், ஸ்ப்ரிங் கதவைத் தள்ளித் திறக்கும், எஞ்சின் குதூகலமாகச் சீறும். இன்று சீறவில்லை.

"முத்துமணிதான்!" என்றார் கோவிந்தப்பன். "இந்த மாசம் நாலு தடவை போச்சம்பள்ளி போய்ட்டு வந்திருக்கான். அங்கதான் நம்ம போட்டிக் கம்பெனி இருக்குது. டெமோ ஊத்திக்கிச்சுன்னா சாயங்காலமே அவன் கணக்கை முடிச்சு அனுப்பிடுவேன்."

முத்துமணி அந்த அறையின் டெக்னீஷியன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். அறைக் கதவோரம் நின்றிருந்தான். அவனுக்காகப் பேச ஒருத்தி வந்தாள்.

ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் ஜெயப்ரியா. காணாமல் போன, நட்டு முறுக்கும் டார்க் ரெஞ்ச்சை ஒரு தடவை கேன்டீன் முருங்கைக்காய்க் கட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தவள். அன்றிலிருந்து கம்பெனியில் எது தொலைந்தாலும் அவளிடம்தான் வருவார்கள்.

"சார், பன்னெண்டு மணி வரைக்கும் டைம் குடுங்க. குதிரையப் புடிச்சுத் தர்றேன்."

"குடுத்தேன், போ!"

காலை 9.45. அறைக்குள் நுழைந்ததும் ஜெயப்ரியா மூக்கைச் சுருக்கினாள். மல்லிகை மாதிரி ஒரு வாசனை லேசாக வந்தது. பெட்ரோல் லைன் ஓடும் அறை அது. தீக்குச்சி கூடக் கொண்டுபோகக் கூடாது. அதனால் முந்தாநாள் பூஜை, கற்பூரம், ஊதுவத்தி எல்லாம் தள்ளியிருக்கும் கேட்டருகேதான் நடந்தன. உள்ளே போனது சந்தனக் கிண்ணமும் குங்குமமும் மட்டும். எஞ்சினுக்கு ஏழு பொட்டு வைத்ததும் அவள்தான்.

எஞ்சினை ஒரு சுற்று சுற்றி வந்தாள். வாய்க்குள் ஏதோ எண்ணினாள். வால்வின் பின்பக்கம் குனிந்தபோது அவள் புருவம் உயர்ந்தது.

காலை 10.05. சாஃப்ட்வேர் பார்க்கும் கௌதம்.

"கதவு தொறக்கச் சொல்லி ஆர்டர் போகுதா?"

"போகுதுக்கா. வால்வு டிக்குன்னு சத்தம் போடுது."

"குழாயில லீக்?"

"மூணு தடவை பார்த்துட்டோம். சொட்டு லீக் இல்ல."

"குறைஞ்ச வேகத்துல?"

"அங்க பிரமாதம். நாலாயிரத்துக்கு மேலதான் படுத்துக்குது."

"நல்லது."

"இதுல என்னக்கா நல்லது?" என்று கௌதம் தலையைச் சொறிந்தான்.

காலை 10.30. முத்துமணி.

"பூஜையன்னிக்குக் கடைசியா எப்ப ஓட்டுன?"

"மூணு மணிக்குக்கா. நூத்திப் பன்னெண்டு காட்டிச்சு. பூஜை முடிஞ்சு அஞ்சு மணிக்குப் பூட்டி, சாவிய மொதலாளி கையில குடுத்துட்டேன்."

"போச்சம்பள்ளிக்கு எதுக்குப் போன?"

முத்துமணியின் காது வரை சிவந்தது. "பொண்ணு பார்க்கக்கா. மேகலான்னு பேரு. அங்க ஒரு கம்பெனியில வேலை பாக்கா. வார ஞாயித்துக்கெழம தாம்பூலம். அவங்க அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேக்காரு, பெர்மனென்ட் ஆர்டர். டெமோ முடிஞ்சதும் தாரேன்னு மொதலாளி சொல்லியிருந்தாரு. இப்ப திருட்டுப் பட்டத்தோட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போவேன்? எனக்குன்னு வந்து பேச அப்பாவும் இல்லக்கா."

அவன் குரல் உடைந்தது.

"அழாத. மாப்பிள்ளை மூஞ்சி வீங்கினா பொண்ணுக்குப் புடிக்காது. போய் டீ குடி."

காலை 11.10. கோவிந்தப்பன்.

"சாவி எங்க இருந்துச்சு சார்?"

"என் இடுப்புலதான். வேற சாவியே கிடையாது."

"அஞ்சு மணிக்கு மேல யாராச்சும் உள்ள போனாங்களா?"

"ஒருத்தரும் போகல."

"நீங்க?"

"நானா? நான்... சாமி கும்பிடப் போனேன். அதெல்லாம் கணக்கா?"

"கணக்கில்ல சார்," என்றாள் ஜெயப்ரியா மரியாதையாக.

காலை 11.50. எல்லோரும் எஞ்சினைச் சுற்றி நின்றார்கள். ஜெயப்ரியா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் லீக் தேடுனீங்க. லீக் இருந்தா இழுப்பு நிக்காது, கதவு எப்பவும் தொறந்தே கெடக்கும். அப்ப குறைஞ்ச வேகத்துலதான் எஞ்சின் இழுக்காது. இங்க அது பிரமாதமா இழுக்குது. அப்படின்னா கதவு மூடியே கெடக்குது. வால்வு டிக்குன்னு வேலை செஞ்சும் இழுப்பு விடல. ஏன்? வெளிக்காத்து உள்ள வர்ற ஓட்டை அடைச்சிருக்கு. காத்து எந்த வழியாப் போச்சுன்னு நீங்க பார்த்தீங்க. எந்த வழியா வரணும்னு நான் பார்த்தேன்."

"அந்த ஓட்டை வால்வுக்குப் பின்னாடிதான் இருக்குக்கா," என்றான் கௌதம். "அங்க ஒண்ணுமில்லையே? ஒரு பொட்டுதான் இருந்துச்சு."

"அதேதான்! நான் வெச்சது ஏழு. இப்ப எட்டு இருக்குது. நான் வெச்சதெல்லாம் முன்னாடி, மோதிர விரலால வெச்ச சின்னப் பொட்டு. இது பெருவிரல் அளவு. பொட்டை யாராச்சும் பிடரியில வைப்பாங்களா? நீங்க மூணு தடவை பார்த்தும் கை வைக்கல. ஏன்னா பூஜைப் பொட்டை நாம அழிக்க மாட்டோம், தானா உதிரட்டும்னு விட்டுடுவோம்."

ஊக்கால் பொட்டை நெம்பினாள். காய்ந்த சந்தனம் ஓடு மாதிரி கழன்றது. கீழே துளைக்குள் ஒரு மூங்கில் குச்சி. மெதுவாக இழுத்தாள். விரல்கடை நீளத்துக்கு ஊதுவத்தியின் அடிக்கட்டை வெளியே வந்தது.

"தீயே ஆகாத ரூமுல ஊதுவத்தி வாசனை வந்தப்பவே சந்தேகப்பட்டேன். சாவி ஒண்ணுதான். அது இருந்தது ஒருத்தர் இடுப்புல. குதிரைத் திருடன் நம்ம முதலாளிதான்!"

கோவிந்தப்பன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"அய்யோ ராமா! பெரிய ஆர்டராச்சேன்னு தனியா ஒரு வேண்டுதல் வெக்கலாம்னு வந்தேம்மா. ஊதுவத்தி குத்தி வெக்க வாழைப்பழம் தேடினேன், எல்லாத்தையும் பசங்க தின்னுட்டாங்க. பின்னாடி ஒரு ஓட்டை அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. பத்த வெச்சப்புறம்தான் பெட்ரோல் ஞாபகம் வந்து பதறி ஒடிச்சேன். குச்சி உள்ளயே நின்னுக்கிச்சு. சாமிக்கு வெச்சது, மூளியா விடக்கூடாதுன்னு மேல சந்தனத்த அப்பினேன்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். முதலில் சிரித்தது கௌதம். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

ஜெயப்ரியா மட்டும் சிரிக்கவில்லை. "சார், இந்தப் பையன் போச்சம்பள்ளி போனது பொண்ணு பார்க்க. ஞாயித்துக்கிழமை தாம்பூலம். அப்பா இல்லாத புள்ள. நீங்க அவனைத் திருடன்னுட்டீங்க."

கோவிந்தப்பன் முகம் வாடிப்போனது. முத்துமணியின் முன்னால் போய் நின்றார்.

"தப்பு பண்ணிட்டேம்பா. மனசுல வெச்சுக்காத."

"இருக்கட்டும் மொதலாளி," என்று முத்துமணி தரையைப் பார்த்தான். "எஞ்சின ஓட்டிப் பாப்போம்."

பகல் 12.20. மூவாயிரம், மூவாயிரத்தைந்நூறு, நாலாயிரம். டிக். எஞ்சினின் குரலே மாறிப்போனது. திரையில் நூற்றுப் பன்னிரண்டு! கௌதம் விசிலடித்தான். முத்துமணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

மதியம் 2.40. கார் கம்பெனியிலிருந்து வந்த பெரிய அதிகாரி ரத்தினவேல் மூன்று தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார். மூன்று தடவையும் அதே எண். வரைபடத்தில் விரலை ஓட்டிவிட்டுக் கேட்டார்:

"கதவு திறக்கிற இடத்துல ஒரு உதறல் கூட இல்லையே! யார் செட் பண்ணினது?"

"எங்க முத்துமணிங்க," என்றார் கோவிந்தப்பன்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை எங்க பிளான்ட்டுக்கு வந்து எங்க ஆட்களுக்கும் காட்டறீங்களா?"

முத்துமணி வாயைத் திறப்பதற்குள் கோவிந்தப்பன் குறுக்கே புகுந்தார்.

"மன்னிக்கணுங்க, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கும் ஒழியாது. போச்சம்பள்ளியில எங்க பெர்மனென்ட் டெக்னீஷியனுக்குத் தாம்பூலம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவனா தட்டு மாத்தப் போறது நான்தான்."

முத்துமணிக்கே அது அப்போதுதான் தெரியும்.