மணிலாவிலிருந்து வந்த மாதா

நேற்றுத் தோளளவில் இருந்த சிலையின் கூந்தல் இன்று இடுப்பைத் தொட்டது.

லவினியா சீப்புடன் அப்படியே நின்றாள். ஜெர்மனியில் பான் நகரின் அந்தப் பழைய வீட்டுக்கு, முதியவர் பிறாண்டைப் பராமரிக்க வந்தவள் அவள். மாடியறையில் மரவுடலும் தந்த முகமுமாக நின்ற மாதாவை வந்த அன்றே கும்பிட்டாள். ஸ்பானியர் ஆண்ட காலத்தில் புகையிலை வாங்க மணிலா போன பிறாண்டின் பாட்டன் கொண்டுவந்த சிலை. அந்த வீட்டார் அதற்குத் தூசி மட்டும் தட்டினார்கள். தலையில் இருந்தது உண்மையான மயிர். வைக்கோலாய்க் காய்ந்து கிடந்தது. மன்னாரில் பிறந்தவளுக்குப் பொறுக்கவில்லை. தேங்காயெண்ணெய் வைத்து வாரிவிட்டாள்.

இன்று காலை தொலைபேசியில் தோழி குணேஸ்வரி சிரித்தாள். "விசரே அக்கா? வெள்ளைக்காரன்ரை பொம்மைக்கு எண்ணெய் வைக்கிறியளோ?"

"மாதாவடி. காய்ஞ்ச தலையோடை நிண்டா பாக்கேலாது."

"ஆரின்ரை மயிரெண்டு கேட்டனீங்களே?"

நேற்றுத்தான் கேட்டாள். பிறாண்ட் கேக்கை மென்றபடி சொன்னார். சிலையைக் குளிப்பாட்டி உடுத்திவந்த ஊர்ப்பெண் கோயில் சாவியைத் தர மறுத்தாளாம். பாட்டன் சிலையை எடுத்துக்கொண்டு, அவள் கூந்தலை அறுத்து, அவளை அந்த ஓலைக் கோயிலுக்குள் பூட்டிக் கொளுத்தினாராம்.

"அந்த முடியைத்தான் இதற்கு வைத்தார். எதையும் வீணாக்காத மனுஷன்," என்று சிரித்தார்.

லவினியாவின் மகளும் ஒரு கோயிலுக்குள்தான் எரிந்தாள், எறிகணை விழுந்து. யாரைச் சபிப்பதென்று இத்தனை காலம் அவளுக்குத் தெரிந்ததில்லை. நேற்று மாடியேறி, எண்ணெய்க் கையால் அந்தக் கூந்தலைப் பிடித்துச் சொன்னாள்: "உன்னை எரிச்சவன்ரை வம்சம் பூண்டோடை போகட்டும், பிள்ளை."

இன்று பிறாண்டின் பேத்தி கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். இன்னும் மயிர் முளைக்காத பெண்குழந்தை, பக்கத்து அறைத் தொட்டிலில் தூங்குகிறது.

அந்த வம்சத்தின் கடைசிப் பிள்ளை.

சீப்பு கையிலிருந்து நழுவியது. வெளியே பனிக்கால மாலை மங்கி இருட்டிக்கொண்டு வர, எண்ணெய் மணத்துக்கு அடியிலிருந்து ஓலை கருகும் நாற்றம் மெல்ல எழுந்து, திரைச்சீலையிலும் அவளுடைய உடுப்பிலும் தொண்டையிலும் ஏறி நின்றது. லவினியா முழந்தாளிட்டாள்.

"பிள்ளை வேண்டாம். அது பச்சைமண். நான் சொன்னதைத் திருப்பி எடுக்கிறன், தாயே."

சுவருக்கு அப்பால் ஒரு சத்தம். நீளமான கூந்தலை யாரோ மேலிருந்து கீழே ஆறுதலாகக் கோதுவதுபோல.

நிமிர்ந்தாள். மாதாவின் தலை மொட்டையாக இருந்தது. வெறும் தந்தம். மினுங்கியது.

ஓடினாள். அறைக் கதவு திறந்திருந்தது. பிறாண்ட் தொட்டிலின் மேல் குனிந்திருந்தார். அசையவில்லை. கூப்பிட்டாள்.

கிட்டப் போனாள்.

குழந்தையின் தலையிலிருந்து கரிய கூந்தல், வகிடெடுத்து, எண்ணெய் வழிய, தொட்டில் நிறைந்து கிடந்தது. அதன் நுனி பிறாண்டின் திறந்த வாய்க்குள் போயிருந்தது. இன்னும் போய்க்கொண்டிருந்தது. குழந்தை அழவில்லை. வளர்ந்த ஒரு பெண்ணின் கண்களால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.