ஒற்றைத் திரி

ஆறு இருபதுக்கே நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். லிஜி வர்கீஸுக்கு முதலில் உறுத்தியது அதுதான். வீட்டிலிருந்தபடியே இணையத்தில் படிக்கிற கூட்டம் எதற்கும் நேரத்துக்கு வராது. ஒருவனுக்கு நெட் கிடைக்காது, ஒருத்திக்குக் குழந்தை அழும், மஸ்கட்டில் இருப்பவனுக்கு டியூட்டி முடிந்திருக்காது. இன்றைக்கோ பத்து நிமிடம் முன்னதாகவே, ஒருவர் பாக்கியில்லாமல், எல்லா கேமராவும் திறந்து, எல்லா மைக்கும் மூடி, சும்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காக்கநாட்டில் பல்கலைக்கழக அலுவலகம் நாலாவது மாடி. ஆடி மாதத்துக் கர்க்கடக மழை கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது. ஏசியிலிருந்து ஈரச் சாக்கு வாடை வந்தது. மற்றவர்கள் ஐந்து மணிக்கே கிளம்பியாயிற்று. காலி மேசைகளுக்கு நடுவில் அவள் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. போன் அடித்தது. அவளுடைய மேலாளர் பிரசன்னன்.

"என்ன லிஜி, இன்னிக்காவது ஆளு நிக்குமா? இல்ல போன பேட்ச் மாதிரி கடைசியில நீயும் நானும் மட்டும் கைதட்டிக்கணுமா?"

"நிப்பாங்க சாரே."

"நிக்கலேன்னா திங்கக்கிழமை நீயும் இங்க நிக்க வேண்டாம். உங்க ஊரு பாலாவுக்குப் போயி அப்பனோட ரப்பர் வெட்டு."

போன முறை புது மாணவர்களுக்கான ஓரியண்டேஷனுக்கு முன்னூறு பேர் வந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் நாற்பது பேர்தான் மிஞ்சினார்கள். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதனால் இந்த முறை யாரும் வெளியேற முடியாதபடி திட்டமிட்டாள். பாதியில் போகிறவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. கேமராவை மூடக் கூடாது. பேச்சை எல்லாம் வெட்டிவிட்டு, தொடக்கத்தில் ஒரு சடங்கு. எந்த நிகழ்ச்சியையும் விளக்கேற்றி, ஒரு நிமிட மௌனப் பிரார்த்தனையோடு தொடங்குவதுதானே ஊர் வழக்கம்? மேடை இல்லாத கல்லூரிக்கு அவரவர் வீட்டில் அவரவர் விளக்கு. அறிவிப்பு அட்டையில் ஐந்து திரி வரைந்து பார்த்தாள். போன் திரையில் அது அழுக்குப் பொட்டு மாதிரி தெரிந்தது. ஒற்றைத் திரி பளிச்சென்று இருந்தது. கீழே எழுதினாள்: அறை விளக்குகளை அணைக்கவும். குத்துவிளக்கில் ஒரு திரி மட்டும். முகமும் சுடரும் சேர்ந்து தெரிய, விளக்கைத் தலைக்குப் பின்னால் வைக்கவும். கண்களை மூடவும். மணி அடித்ததும் திறக்கவும்.

காலையிலிருந்து முப்பத்தோரு பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தார்கள்: ஒற்றைத் திரிதானா மேடம்? முப்பத்தோரு பேருக்கும் ஒரே பதிலை ஒட்டினாள்: சொன்னபடி செய்யவும்.

ஆறரைக்கு மௌனத்தைத் தொடங்கினாள். திரையின் ஒன்பது பக்கங்களிலும் கட்டம் கட்டமாக இருட்டு. ஒவ்வொரு இருட்டிலும் ஒரு சுடர், அதன்கீழ் மூடிய கண்கள்.

பின்னால் வாளி நங்கென்று தரையில் உட்கார்ந்தது. தரை துடைக்கிற ஓமனச் சேச்சி.

"ஐயோ. இத்தனை பேரு எப்ப மோளே செத்தாங்க?"

"சேச்சி, வாய மூடிட்டு வேலையப் பாருங்க. விளக்கேத்தறோம்."

"விளக்கேத்தறதா? ஒத்தத் திரி போட்டு, தலைமாட்டுல வெச்சு, கண்ணையும் மூடிவிட்டா எங்க வீட்ல அதுக்கு வேற பேரு. எங்க மாமியாரக் கிடத்தினப்ப இப்பிடித்தான் வெச்சோம்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "எவ சொன்னது இப்பிடி வெக்கச் சொல்லி?"

லிஜி நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீயா? ரெண்டு திரி போடு, அஞ்சு போடு. உசுரோட இருக்கறவங்களுக்கு ஒண்ணு போட மாட்டாங்கடீ. நீ மெழுகுவத்தி கொளுத்தற வீட்டுப் பொண்ணு, தெரியாது, சரி. யாரையாவது கேக்கறதுக்கு வாயுமா இல்ல?"

வாளியை அப்படியே விட்டுவிட்டு ஓமனச் சேச்சி நடந்தாள். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. படிகளில் அவள் செருப்புச் சத்தம் இறங்கி இறங்கித் தேய்ந்து, பிறகு மழை மட்டும் கேட்டது.

மணி அடித்தது. லிஜியே தேர்ந்தெடுத்த கோயில் மணி ஓசை, அவளுடைய ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

மைக்கைத் திறந்தாள். "எல்லாரும் கண்ணத் திறக்கலாம். தேங்க்ஸ்." குரல் காலி மேசைகளில் பட்டுத் திரும்பியது. நெட் உறைந்துவிட்டதோ என்று சுடர்களைப் பார்த்தாள். அவை அசைந்துகொண்டிருந்தன. திருச்சூரில், வயநாட்டில், மஸ்கட்டில், வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு காற்றில், எல்லாச் சுடரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்து, மறுபடி அதே பக்கம் சாய்ந்தன. யாரோ பக்கத்தில் நடந்து போவதுபோல.

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அடுத்தது. முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தபோது, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பையன் படுத்திருந்தான். பக்கத்துக் கட்டத்துப் பெண்ணும். வாழையிலை மேல் தலை. விளக்கு அதே இடத்தில்.

"எழுந்திரிங்க. முடிஞ்சிருச்சு. எல்லாரும் போகலாம், ஹால் டிக்கெட் தர்றேன். போங்க!"

எண்ணிக்கை அசையவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு.

கூட்டத்தை முடிக்கும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். கணினியை அணைக்கும் பொத்தானை விரல் வலிக்கப் பிடித்தாள். மேசைக்கடியில் குனிந்து வயரைப் பிடுங்கினாள். நிமிர்ந்தாள். திரை எரிந்துகொண்டிருந்தது.

ஒரு கட்டத்தில் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. வயதான கை. மடிப்புக் கலையாத வெள்ளைக் கோடித் துணியைக் கழுத்துவரை இழுத்து, சுருக்கம் நீக்கியது. அடுத்த கட்டத்திலும் கை. அதே கை. வரிசை வரிசையாக. அவசரமே இல்லை.

போன் அதிர்ந்தது. பிரசன்னன் அனுப்பியிருந்தார்: சபாஷ் லிஜி. ஒருத்தரும் போகல. நீயும் இனி எங்கயும் போக வேண்டாம்.

எண்ணெய் வாடை.

அலுவலகத்தில் எண்ணெய் கிடையாது. அவள் விளக்கு எதுவும் ஏற்றவில்லை.

எண்ணிக்கை மாறியது. நானூற்றுப் பதின்மூன்று.

திரையின் மூலையில் அவளுடைய சொந்தக் கட்டம். இத்தனை நேரம் அதைப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலியின் பின்பக்கம் முதுகில் படுகிறது, கால் தரையில் படுகிறது, தெரிகிறது. கட்டத்தில் அவள் படுத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. தலைக்குப் பின்னால் ஒற்றைத் திரி நிமிர்ந்து எரிந்தது.

பிறகு சாய்ந்தது.

பிடரியில் சூடு. கட்டத்தின் இடது ஓரத்தில் முதலில் விரல்கள் வந்தன. அப்புறம் வெள்ளைத் துணி.