கொசுகூடத் தப்பாது!

ட்ரிங்... ட்ரிங்...!

சனிக்கிழமை மதியம். மலேசியாவில் மெர்லிமாவ் பக்கம் ஒரு சுகாதார அலுவலகம். வேலைக்குச் சேர்ந்து நாலே மாதமான ஷாந்தினி தயங்கித் தயங்கிப் போனை எடுத்தாள்.

"திருடி!" என்றது போன்.

"யா... யாருங்க?"

"சாமிக்கண்ணு பூசாரி! விடிஞ்சா காவடி. கன்னத்துல குத்துற மூணு அலகையும் காணோம்! வெள்ளித் தட்டு அப்படியே இருக்கு. ஒரே அலகை எல்லாருக்கும் குத்தினா எய்ட்ஸ் வரும்னு போன வாரம் கோயில்ல வந்து கத்தினது யாரு? நீதானே!"

"கத்தலைங்கய்யா... மெதுவாத்தான் சொன்னேன்..."

"சாயங்காலத்துக்குள்ள அலகு வரணும். இல்லாட்டி போலீஸ்!"

டொக்.

எதிர் மேஜையில் கணேஸ்வரன் குலுங்கிச் சிரித்தார். நூறு கிலோ சரீரம். வட்டாரத்தின் எய்ட்ஸ் கணக்கு முழுக்க அவர் பொறுப்பு.

"நம்ம ஏரியாவுல எய்ட்ஸா? இதுவரைக்கும் பூஜ்யம் லா! நம்ம கண்காணிப்புல கொசுகூடத் தப்பாது!"

 

டக்... டக்... டக்...

பக்கத்து அறையில் ஏதோ மூடி துள்ளியது. இன்று கிளினிக் கிடையாதே! ஊசி கொதிக்கவைக்கும் பாத்திரம் ஏன் கொதிக்கிறது?

ஓடினாள். மூடியைத் தூக்கினாள்.

ஆவிக்கு அடியில்... மூன்று அலகுகள்!

திரும்பினாள். வாசலை அடைத்துக்கொண்டு கணேஸ்வரன்! முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"சார்... நீங்களா?"

"நாளைக்கு முதல் அலகு எனக்குத்தான், ஷாந்தினி. அம்மா வேண்டுதல். வேணாம்னா ஏன்னு கேப்பாங்க. எனக்குக் குத்தினதையே அடுத்தவன் கன்னத்துல..." பாத்திரத்தைப் பார்த்தார். "சாமி சாமான். வீசவும் மனசு வரல. பழைய ரத்தம் இருக்குமேன்னு கொதிக்கவச்சேன். திருவிழா முடிஞ்சதும் திருப்பி வச்சிடலாம்னு..."

ஷாந்தினி மூடியைக் கீழே வைத்தாள். "எப்பத் தெரியும் சார்?"

"போன மாசம். சிங்கப்பூர்ல ரத்தம் குடுத்தேன், சோதிச்சுச் சொன்னாங்க. அங்க பார்த்தது இங்க வராது லா. இங்க ஆஸ்பத்திரிக்குப் போனா ரிப்போர்ட் என் மேஜைக்கே வரும். என்னை நானே எப்படி எண்ணுவேன், சொல்லு?"

"அப்ப வைத்தியம்?"

கணேஸ்வரன் இல்லை என்று தலையாட்டினார்.

ட்ரிங்...!

இந்த முறை ஷாந்தினி தயங்கவில்லை.

"ஆமாங்கய்யா, நான்தான் திருடி! உங்க அலகு திருவிழா முடிஞ்சுதான் கிடைக்கும். ஆளுக்கு ஒண்ணு புதுசா வாங்கி வைங்க. போலீஸ் வந்தா வரட்டும்!"

டொக்.

கணேஸ்வரன் கண்களைத் துடைத்தார். "ஏம்மா..."

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம் சார். ரிப்போர்ட் வந்தா நான் எண்ணிக்கிறேன்."

"நம்ம பூஜ்யம் போயிடுமே..."

"போகட்டும் சார். கொசுகூடத் தப்பாதுன்னீங்க... இங்க யானையே தப்பிச்சு உக்காந்திருக்கு!"